லினக்ஸ் மடிக்கணினியின் வேகத்தை யாரிடம் ஒப்படைப்பது?

கெம்பஸ் லீவுக்கு வந்த அக்கா மகள், பையைக்கூட இறக்கி வைக்காமல் மடிக்கணினியை என் முன்னால் நீட்டினாள். "மாமா, இது ஆமை மாதிரி ஊருது. லினக்ஸ் போட்டுத் தந்தது நீங்கதானே, நீங்களே பாருங்க." குற்றச்சாட்டில் பாதி நியாயம் இருந்தது. போன வருடம் ஹட்டன் டவுனில் பழைய மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்து, விண்டோஸை அழித்துவிட்டு உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

டெர்மினலைத் திறந்து, புரொக் அடைவில் இருக்கும் சிபியூஇன்ஃபோ கோப்பிலிருந்து மெகாஹெர்ட்ஸ் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். எட்டு வரி வந்தது. ஏழில் 400, ஒன்றில் 399. பிரவுசரில் நாலு டேப் திறந்து, ஒரு வீடியோவையும் ஓடவிட்டுப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளே இருப்பது இன்டெல் ஐ5-8250யூ. அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில், அதாவது வேலை கூடும்போது அடிப்படைக்கு மேல் எகிறும் நேரத்தில், 3.4 வரை போகக்கூடிய சிப். அதன் ஆகக் குறைந்த படியில் போய் உட்கார்ந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்கிறது.

வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கும் கவர்னரைப் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினேன். அதே 400. ரீஸ்டார்ட் செய்தேன். அதே 400. அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள் என்று சார்ஜரைக் கழற்றிவிட்டு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். மேசையில் வைத்துப் பார்த்தால் 3100, 3200 என்று எண்கள் குதிக்கின்றன. சார்ஜரைக் குத்தினால் திரும்பவும் 400!

விஷயம் இவ்வளவுதான். பழைய சார்ஜர் ஒரு இடிமழையில் எரிந்துபோய், பிள்ளை வேறொன்று வாங்கியிருக்கிறாள். சில மடிக்கணினிகளின் சார்ஜர் நுனியில், நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். 'நான் இத்தனை வாட் தருவேன்' என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ, சொல்வதை மெஷின் நம்பாவிட்டாலோ, சிப்புக்கு 'சூடு மிஞ்சிவிட்டது' என்று தெரிவிப்பதற்கென்று இருக்கும் கம்பியை மதர்போர்டு இழுத்துவிடும். சிப்பும் உடனே ஆக அடிப்படிக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு லினக்ஸில் எந்தக் கவர்னரைப் போட்டாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். அந்தக் கம்பியைக் கவனிக்காதே என்று சிப்பிடம் சொல்லிவைக்கவும் வழி உண்டு. நான் செய்வதில்லை. மதர்போர்டில் நிஜமாகவே ஏதாவது கொதிக்கும்போது காப்பாற்றுவதும் அதே கம்பிதான்.

ஆகவே வேகத்தை எந்த மென்பொருளிடம் ஒப்படைப்பது என்ற கேள்விக்கு வருவதற்கு முன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். வேகம் ஏறினால், நீங்கள் தேட வேண்டியது நல்ல சார்ஜர் ஒன்றை. ஏறாவிட்டால், மெஷின் தொடங்கும்போதே திறக்கக்கூடிய அமைப்புப் பகுதியான பயாஸுக்குள் போய், வேகத்தை மாற்ற இடம் தரும் ஸ்பீட்ஸ்டெப் அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பழைய மெஷின் விற்பவர்கள் பயாஸில் எதைத் தொட்டு வைத்திருப்பார்கள் என்று சொல்லவே முடியாது. அது அணைந்திருந்தால், 'சிபியூபவர் ஃப்ரீக்வென்சி-இன்ஃபோ' என்ற கட்டளை, வேகத்தை மாற்றும் டிரைவரே இயங்கவில்லை என்று சொல்லிவிடும். டிரைவர் பெயர் வந்தால் மேலே படிக்கலாம்.

அந்தப் பெயரைக் கவனமாகப் பாருங்கள், மற்ற எல்லாம் அதைப் பொறுத்ததுதான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கவர்னர் என்பது கங்காணி. மலையில் எவ்வளவு வேலை கிடக்கிறது என்று பார்த்து, கூட்டு, குறை என்று முடிவெடுப்பது அவர். டிரைவர் அந்தச் சொல்லை சிப்பிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர். ஏசிபிஐ-சிபியூஃப்ரெக் என்ற பழைய டிரைவரில் ஏற்பாடு இப்படித்தான். ஆன்டிமாண்ட் (வேலைக்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்குபவர்), கன்சர்வேட்டிவ், பவர்சேவ், பெர்ஃபார்மன்ஸ், யூசர்ஸ்பேஸ் என்று பல கங்காணிகள் உண்டு. 2016இல், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 4.7ஆம் பதிப்புடன் ஷெட்யூட்டில் வந்து சேர்ந்தார். எந்த வேலையை எந்தக் கோரில் ஓட்டுவது என்று பார்க்கும் ஷெட்யூலரிடமே கணக்கு கேட்பதால் இவர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் விவரமானவர்.

இன்டெல் 2015இல் ஸ்கைலேக் சிப்புகளோடு இந்த முறையையே மாற்றியது. மலையைப் பிரித்துக் கொடுத்து 'நீயே பார்த்துக்கொள்' என்று விடுவார்களே, அந்த மாதிரி. வேகத்தைச் சிப்பே தீர்மானிக்கும். கர்னலின் இன்டெல் பிஸ்டேட் டிரைவர் அதற்கு மேலாக ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவைக்கும்: உனக்கு வேகம் முக்கியமா, மின்சாரம் முக்கியமா? பெர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ்-பவர், பவர் என்று அந்த வார்த்தைக்கு நாலு தரம். இதைச் சுருக்கி ஈபிபி என்பார்கள்.

இங்கேதான் பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். 'என் மெஷினில் ஆன்டிமாண்டைக் காணோம், பெர்ஃபார்மன்ஸும் பவர்சேவும் மட்டும்தான் இருக்கிறது, ஏதோ உடைந்துவிட்டது' என்பார்கள். ஒன்றும் உடையவில்லை. இன்டெல் பிஸ்டேட்டில் பவர்சேவ் என்றால் ஆகக் குறைந்த வேகத்தில் கட்டிப்போடுவது அல்ல. பெயர்தான் ஒன்று, நடத்தை பழைய ஆன்டிமாண்டுக்குக் கிட்ட. பயந்துபோய்ப் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினால் இன்னொரு தொல்லை. அந்தக் கவர்னர் இருக்கும்வரை ஈபிபியை மாற்றவே விடாது.

நானும் அந்தக் குழியில் விழுந்தவன்தான். என்னிடம் ஐ5-3320எம் போட்ட திங்க்பேட் டி430 ஒன்று இருக்கிறது. ஆன்டிமாண்டைக் கொண்டுவந்தே தீருவேன் என்று, கர்னல் தொடங்கும்போது படிக்கும் வரியில் 'இன்டெல் பிஸ்டேட் டிசேபிள்' என்று எழுதிப் பழைய டிரைவருக்கு இறக்கினேன். ஆன்டிமாண்ட் வந்தது. கூடவே வேகப் பட்டியலில் 1200இலிருந்து 2600 வரை படிகளும், அதற்கு மேல் 2601 என்று ஒரு விசித்திர எண்ணும் வந்தன. அது என்ன ஒரு மெகாஹெர்ட்ஸ் கூடுதல்? பழைய முறையில் டர்போவுக்குத் தனி எண் கிடையாது. அடிப்படை வேகத்தோடு ஒன்றைக் கூட்டி, 'இதற்கு மேல் சிப்பின் விருப்பம்' என்று குறிப்பதுதான் அந்த 2601. உண்மையில் அது 3.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. ஆன்டிமாண்டால் கிடைத்த லாபம்? ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த வரியை அழித்துவிட்டேன். டி430 போல, சிப்பே தீர்மானிக்கும் வசதி இல்லாத இன்டெல் மெஷின்களுக்கு, கர்னல் 5.7இலிருந்து பிஸ்டேட் டிரைவரே ஷெட்யூட்டிலோடு வேலை செய்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாம்.

இன்டெல் அல்லாமல் ஏஎம்டி சிப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய டிரைவர் பெரும்பாலும் மூன்றே மூன்று படிகள்தான் காட்டும். 2022இல் கர்னல் 5.17உடன் ஏஎம்டி-பிஸ்டேட் வந்த பிறகுதான் நடுவில் உள்ள வேகங்களும் கைக்கு வந்தன. 6.3இலிருந்து அங்கேயும் ஈபிபி உண்டு. எனவே ஏஎம்டியின் ரைசன் சிப் உள்ள மெஷினில் பழைய கர்னலை வைத்துக்கொண்டு கவர்னரோடு மல்லுக்கட்டுவதைவிட, கர்னலைப் புதுப்பிப்பதே நல்லது. உபுண்டு 24.04இல் வருவது 6.8. அதுவே போதும். அதற்குப் பிறகும் பழைய டிரைவர்தான் வருகிறது என்றால், இந்தப் புதிய டிரைவருக்குத் தேவையான சிபிபிசி என்ற வசதி பயாஸில் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, டிரைவர் ஓடுகிறது. இனிமேல்தான் யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி. எதற்காக ஒப்படைக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நமக்கு வேண்டியது கரண்ட் போன பிறகு கிடைக்கும் மணிநேரம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்களே, அது நாடு முழுக்கத்தான். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தது என்று சொல்லி மொத்த நாடும் இருண்டது. அதெல்லாம் பெரிய கதை. மலைநாட்டில் காற்றடித்தால் போகும், யூக்கலிப்டஸ் கிளை கம்பியில் விழுந்தால் போகும், மழைக்காலத்தில் சும்மாவும் போகும். மேல் கொத்மலை என்ற 150 மெகாவாட் மின் திட்டத்தின் அணை தலவாக்கலையில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே மெழுகுவர்த்தி தேடுகிறோம்.

கரண்டு போன நேரத்தில் மடிக்கணினியை நிற்கவிடாமல் இழுப்பது எது? சிப் எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பது வேகத்தோடும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகம் ஏற ஏற வோல்டேஜும் கூட வேண்டும் என்பதால், மேல்படிகளின் செலவு பன்மடங்கு. கொழுந்து எடுக்கிறவர்களைக் கேளுங்கள், கடைசி இரண்டு கிலோவுக்குத்தான் முதுகு போகும். சிப்புக்கும் அப்படித்தான். 1.6இலிருந்து 2.0க்குப் போவது பெரிய விஷயமில்லை. 3.0இலிருந்து 3.4க்குப் போவதுதான் விழுங்குகிறது.

அதற்காக ஆகக் கீழே கட்டிப்போடுவதும் வேலைக்காகாது. 400இல் ஒரு பக்கம் திறக்க எடுக்கும் நேரம் முழுக்கத் திரையும் வைஃபையும் எரிந்துகொண்டுதானே இருக்கும்? வேலையைச் சட்டென்று முடித்துவிட்டுச் சிப் தூங்கப் போவதே பல நேரங்களில் சிக்கனம். ஆகவே நான் தேடுவது, மேலே உள்ள படிகளை மட்டும் பேட்டரியில் வெட்டிவிட்டு, நடுப்பகுதியை விட்டுவைக்கும் ஏற்பாடு.

முதல் வழி, ஒன்றுமே செய்யாமல் விடுவது. உபுண்டுவில் கூடவே வந்து பின்னணியில் ஓடும் பவர்-புரோஃபைல்ஸ்-டீமன் மேல் மூலை மெனுவில் பெர்ஃபார்மன்ஸ், பேலன்ஸ்டு, பவர் சேவர் என்று காட்டும். சில மெஷின்களில் முதலாவது இருக்காது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையில், 41ஆம் பதிப்பிலிருந்து இதே மெனுவுக்குப் பின்னால் ட்யூன்டி என்ற வேறொரு ஆள் நிற்கிறார். பாவிப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பின்னணியில் நடப்பது முக்கியமாக அந்த ஈபிபி வார்த்தையை மாற்றுவதுதான். எனவே எட்டாம் தலைமுறை இன்டெல், புதிய ரைசன் போன்றவற்றில் இது நன்றாக வேலை செய்யும். என் டி430 மாதிரிக் கிழடுகளில் மெனு இருக்கும், பலன் சொல்லும்படி இருக்காது. குறை ஒன்று: உபுண்டுவின் வழக்கமான திரை முகப்பான க்னோமில் சார்ஜரைக் கழற்றியதும் பவர் சேவருக்குத் தானாகத் தாவாது. பேட்டரி வெகுவாக இறங்கிய பிறகுதான் தாவும். கரண்ட் போன இருட்டில் மெனுவைத் தேடி அமுக்க வேண்டும். கேடிஈ என்ற வேறு முகப்பைப் பாவிப்பவர்களுக்கு இந்தக் குறை இல்லை, அங்கே சார்ஜருக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என்று முன்கூட்டியே வைக்கலாம்.

இரண்டாவது டிஎல்பி என்ற மென்பொருள். எனக்குப் பிடித்தது இதுதான், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சார்ஜர் குத்தும்போதும் கழற்றும்போதும் எழுந்து, கோப்பில் எழுதியபடி எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத் திரும்பப் படுத்துவிடும். உட்கார்ந்து கண்காணித்துக்கொண்டே இருக்காது. இன்ஸ்டால் செய்தபடியே விட்டால் கவர்னரைத் தொடாது, ஈபிபியை மட்டும் சார்ஜரில் பேலன்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், பேட்டரியில் பேலன்ஸ்-பவர் என்று வைக்கும். நான் கூடுதலாக மாற்றுவது ஒரே வரி: பேட்டரியில் பூஸ்ட் வேண்டாம், அதாவது டர்போவுக்குப் பூஜ்யம். 8250யூவில் அந்த ஒரு பூஜ்யம், 3.4 வரை போகும் சிப்பை 1.6இல் நிறுத்திவிடும். நோட்ஸ் படிக்க, டைப் அடிக்க, ஒரு சூம் வகுப்புக்கு அது தாராளம். வைஃபை, யூஎஸ்பி, டிஸ்க் ஆகியவற்றின் மின் சிக்கனத்தையும் டிஎல்பியே பார்த்துக்கொள்ளும். பேட்டரி நேரம் கூடுவதில் பாதிப் பங்கு அங்கிருந்துதான் வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

டிஎல்பியையும் பவர்-புரோஃபைல்ஸ்-டீமனையும் ஒன்றாக ஓடவிடக் கூடாது. ஒரே மலைக்கு இரண்டு கங்காணி. ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பார், நீங்கள் நடுவில் நின்று தலையைச் சொறிவீர்கள். 'நேற்று நன்றாக இருந்தது, இன்று ஸ்லோ' என்று என்னிடம் வந்த மெஷின்களில் இந்த இரட்டை ஆட்சியைக் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது ஆட்டோ-சிபியூஃப்ரெக். இது டிஎல்பிக்கு நேர்மாறு, கண் மூடாது. லோடையும் சூட்டையும் பார்த்துப் பார்த்து டர்போவைத் திறக்கும், மூடும், கவர்னரையும் மாற்றும். டீமனாக இன்ஸ்டால் செய்தால் க்னோமின் பவர்-புரோஃபைல்ஸ்-டீமனைத் தானே நிறுத்திவிடும். ஒன்றையும் எழுதத் தெரியாதவருக்கு வசதிதான். டி430இல் போட்டபோது பிழை ஒன்றும் காணவில்லை. ஆனால் சிப்பே தன்னைப் பார்த்துக்கொள்ளும் புதிய மெஷினில், அதற்கு மேல் இன்னொருவர் நின்று மேற்பார்வை செய்வது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கண்காணிப்பதற்கும் சிப் விழிக்கத்தானே வேண்டும்?

கையாலேயே சிபியூபவரைக் கொண்டு உச்சவரம்பு வைப்பது நாலாவது வழி. 'ஆகக் கூடியது 2 கிகாஹெர்ட்ஸ்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். டர்போவை முழுக்க அணைப்பதைவிட இது நயமான வெட்டு, ஏனென்றால் 1.6க்கும் 3.4க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் கோடு போடலாம். ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் மறந்துவிடும். நிலைக்க வேண்டும் என்றால், மெஷின் தொடங்கும்போதே அந்த வரியை ஓடவைக்கும் சிஸ்டம்டி சர்வீஸ் எழுத வேண்டும். எது எதைத் தருகிறது என்று கற்றுக்கொள்ள அருமையான கருவி. நாளாந்தப் பாவனைக்கு என்னால் சிபாரிசு செய்ய முடியாது.

இடையில் ஒன்று. கொழும்பில் இருக்கும் நண்பர்கள், 'உங்களுக்கென்ன, ஊரே குளிர்சாதனப் பெட்டி, டர்போவைத் திறந்தே விடலாம்' என்பார்கள். சூட்டைப் பொறுத்தவரை ஓரளவு சரி. கொழும்பின் 30 பாகையும் நுவரெலியாவின் 16 பாகையும் ஃபேனுக்கு ஒன்றல்ல. ஆனால் நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே சுற்று சுற்றினாலும் தள்ளும் காற்று மெல்லியது. கணக்குப் போட்டால் குளிர்தான் வெல்லும், ஆனால் அவர்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல. பேட்டரிக்கு இதில் லாபமும் இல்லை. சூடு ஏறாவிட்டால் டர்போ இன்னும் நேரம் மேலே நிற்கும், அவ்வளவு மின்சாரமும் போகும்.

அளந்துதான் முடிவெடுக்க வேண்டும். பவர்டாப் என்ற கருவி பேட்டரியிலிருந்து இப்போது எத்தனை வாட் போகிறது என்று காட்டும். உதாரணத்துக்கு 48 வாட்-மணி பேட்டரியில் 12 வாட் போனால் 4 மணி நேரம், 8 வாட் போனால் 6. திரையின் வெளிச்சத்தைப் பாதியாக்கி ஒருமுறை அளவெடுத்துப் பாருங்கள். கவர்னர் பற்றிய வாக்குவாதங்களில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

டிஎல்பியிடம் என்னைச் சாய்த்தது இன்னொரு விஷயம், அதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. திங்க்பேட் போன்ற, வசதியுள்ள மெஷின்களில் பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லலாம். எப்போதும் நிறைத்தே வைப்பதைவிட அதன் ஆயுள் நீளும். பழைய மெஷினுக்குப் புதுப் பேட்டரி வாங்கும் விலையை நினைத்தால் அது நல்ல யோசனை. ஆனால் கரண்ட் போகும் ஊரில் 80இல் நிறுத்துவது என்றால், வேண்டிய நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் துறப்பது. முழுக்க அணைக்கலாமா, வைக்கலாமா என்று நிறைய நாள் இழுபட்டேன். இப்போது 80தான் வழக்கம். மின்வெட்டு என்று அறிவித்தாலோ, மேற்கே வானம் கறுத்தாலோ, 'டிஎல்பி ஃபுல்சார்ஜ்' என்று ஒரு கட்டளை. அந்த ஒரு தடவை மட்டும் 100 வரை நிறைக்கும்.

வீட்டு நிலவரம் இப்போது இதுதான். டி430இல் பிஸ்டேட்டும் ஷெட்யூட்டிலும், மேலே டிஎல்பி, பேட்டரியில் டர்போ இல்லை. மனைவியின் ரைசனில் உபுண்டு 24.04உடன் வந்த மெனுவோடு சரி. பவர் சேவரை அமுக்கத் தெரியும் அவருக்கு, அது போதும். அக்கா மகள் டிஎல்பி போட்டுத் தரச் சொன்னாள். போட்டேன். பேட்டரியில் டர்போவை வெட்டுவது பற்றிக் கேட்டதும், "வீடியோ எடிட் பண்றப்ப?" என்றாள். "சார்ஜர்ல போட்டுப் பண்ணு" என்றேன். "எந்த சார்ஜர்ல மாமா?" என்று திருப்பிக் கேட்டாள். சனிக்கிழமை இருவரும் ஹட்டனுக்குப் போய், மடிக்கணினியையும் கையோடு கொண்டுபோய், கடைக்காரர் நீட்டிய ஒவ்வொரு சார்ஜரையும் குத்திக் குத்தி மெகாஹெர்ட்ஸ் பார்த்தோம். மூன்றாவதில் 3300 வந்தது.